உங்கள் வீட்டுக்கு ஏற்ற நாய் எது? – கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்த இன நாய் நல்லது?’ என்றே கேட்கின்றன. நாய் இனங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்காக மனிதர்களால் பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அந்த வேலை இன்று இல்லாமல் போயிருக்கலாம். அதற்கான உந்துதல் நாயின் உடம்பை விட்டுப் போவதில்லை. ஆகவே அந்த நாய் எதற்காக உருவானது என்பதையும், உங்கள் வீட்டில் அதற்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் மனிதத் துணை கிடைக்கும் என்பதையும் வைத்தே கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, எங்கள் வீட்டில் ஓராண்டுக்குள் இரண்டு முறை திருடர்கள் புகுந்துவிட்டார்கள். நானும் கணவரும் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவோம். பகலில் எழுபத்து நான்கு வயதான மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார். பிள்ளைகளுக்கு ஐந்தும் ஒன்பதும் வயது. போயர்போல் வாங்கலாம் என்கிறார் கணவர். ராட்வீலர் போதும் என்கிறார் கொழுந்தனார். முற்றம் சிறியது. எதை வாங்குவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டு முறை வீடு உடைக்கப்பட்ட பிறகு இரவில் கண்ணயர முடியாமல் தவிப்பது எப்படிப்பட்டது என்பதை டர்பனில் வாழும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன இரண்டில் எதையும் உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போயர்போல் இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணிலேயே உருவான நாய். அக்கம்பக்கமே இல்லாத பண்ணை வீடுகளில், காட்டு விலங்கு வந்தாலும் அந்நியர் வந்தாலும் எதிர்த்து நின்று மடக்குவதற்காக வளர்க்கப்பட்டது. நன்கு வளர்ந்த ஆண் நாய் 70 கிலோவையும் தாண்டும். ராட்வீலர் ஜெர்மனியின் ராட்வைல் என்ற ஊரில் கால்நடைகளை ஓட்டிச் செல்லவும் வண்டி இழுக்கவும் பயன்பட்ட நாய். அதுவும் 50 கிலோ எடையை எளிதில் எட்டிவிடும். இரண்டுமே அறிவுள்ளவை, தன் குடும்பத்தின் மீது உயிரையே வைப்பவை. அவற்றின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பதை முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருவர் நாள்தோறும் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் முற்றத்தில் தனியாக விடப்படும் போயர்போல் யாரிடமிருந்தும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அது தானாகவே முடிவெடுக்கத் தொடங்கும். தண்ணீர் மீட்டர் பார்க்க வருபவரும், வேலி ஓரம் பந்து எடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பையனும் அதன் கணக்கில் திருடர்களே.

உங்கள் மாமியாரையும் நினைத்துப் பாருங்கள். கடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்வாசலைத் திறக்கும்போது, அறுபது எழுபது கிலோ நாய் ஆசையாக ஓடிவந்து இடுப்பில் மோதினால் போதும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதற்குப் பல மாதங்கள் ஆகும்.

‘அப்படியானால் பகலில் சங்கிலியில் கட்டிவைக்கிறோம்’ என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாயைத் தேவையின்றியோ, அது துன்பப்படும் விதத்திலோ கட்டிவைப்பது 1962-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். அதோடு, ஓடவும் ஒதுங்கவும் வழியில்லாத நாய்க்கு மிஞ்சியிருப்பது பல் ஒன்றுதான் என்பதால், கட்டிவைத்த நாயே அதிகம் கடிக்கும். சட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில், தன் நாய் பிறருக்கு ஊறு செய்தால், தான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று காட்டினாலும் உரிமையாளர் பெரும்பாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஜார்ஜ் நகரில் தெருவில் நடந்துபோன ஒரு தோட்டத் தொழிலாளி மூன்று நாய்களால் குதறப்பட்டு ஒரு கையை இழந்த வழக்கில், வெளியாள் யாரோ கேட்டைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று உரிமையாளர் வாதிட்டார். 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று தீர்ப்பளித்தது. பெரிய காவல் நாயை வாங்க எண்ணும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொண்டு தம் வேலியையும் கேட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

சரி, உங்களுக்கு எது பொருந்தும்? திருடனைத் தடுப்பது பெரும்பாலும் நாயின் பல் அன்று, அதன் குரல். தன் வரவு தெரிந்துவிட்டது, வீட்டார் விழித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தால் அவன் அடுத்த வீட்டை நோக்கி நகர்வான். அதற்குப் பதினைந்து இருபது கிலோ எடையுள்ள, குட்டிப் பருவம் கடந்த, கலப்பினப் பெண் நாய் ஒன்று போதும்; ஆனால் அது இரவில் வீட்டுக்குள் படுக்க வேண்டும். முற்றத்தில் கிடக்கும் நாய்க்கு நஞ்சு கலந்த இறைச்சியை வேலிக்கு மேல் வீசிவிட முடியும். கூடத்தில் படுத்திருக்கும் நாயை அப்படி வாயடைக்க முடியாது. எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்கு நலச் சங்கத்தின் காப்பகத்துக்கு மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உள்ள பணியாளர்களுக்கு ஒவ்வொரு நாயின் குணமும் தெரியும்; பிள்ளைகளோடு எது பழகும், முதியவர் மீது எது தாவாது என்று அவர்களே காட்டுவார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுத்தான் கொடுப்பார்கள்; கொடுப்பதற்கு முன் உங்கள் வீட்டையும் வந்து பார்ப்பார்கள்.

ஜூலு மக்களின் வீடுகளில் தொன்றுதொட்டு வாழும் ஆஃப்ரிகானிஸ் நாயையும் ஒருமுறை பாருங்கள். ஒல்லியான உடல், குட்டை மயிர், தன் இடத்தை விட்டு அகலாத குணம், தேவைப்படும்போது மட்டும் குரைக்கும் பழக்கம் ஆகியவை அதன் இயல்பு. நம்மில் பலர் அதைத் தெருநாய் என்று ஒதுக்குவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது; இந்தத் தட்பவெப்பத்தில் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்து நின்ற நாய் அது.

முடிவெடுக்கும் முன் மாமியாரைக் கேளுங்கள். பகல் முழுவதும் அந்த நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தான்; அவருக்கு நாய் என்றால் பயமோ வெறுப்போ இருந்தால், வேறு எந்தக் காரணமும் பார்க்காமல் இப்போதைக்கு இந்த எண்ணத்தை விட்டுவிட்டு, ஜன்னல் கம்பியையும் அலாரத்தையும் பலப்படுத்துங்கள்.

கேள்வி: உம்ஷ்லாங்காவில் மூன்றாவது மாடியில் தனியாக வசிக்கிறேன். வேலை முழுவதும் வீட்டிலிருந்தே. பிரெஞ்சு புல்டாக் அல்லது ஹஸ்கி வளர்க்க ஆசை. எது சரி?
– வாசகி, உம்ஷ்லாங்கா

பதில்: இரண்டும் டர்பன் கோடைக்கு ஒவ்வாதவை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்து, நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். பிரெஞ்சு புல்டாக், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூக்குத் துளை இடுக்கு, தொண்டையில் சதை மிகுதி. குளிர்ந்த நாளிலேயே மூச்சுவிடத் திணறுபவை, புழுக்கத்தில் பதினைந்து நிமிட நடையிலேயே மயங்கி விழக்கூடும். அவை தூங்கும்போது விடும் குறட்டையை அழகு என்று ரசிக்கிறோம். உண்மையில் அது காற்றுக்காக அவை படும் பாடு. ஹஸ்கியோ சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுத்த நாய். அதன் உடல் இரட்டை மயிர்ப் போர்வைக்குள் இருக்கிறது. அதன் கால்கள் நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் ஓட்டம் கேட்கின்றன. மூன்றாவது மாடி அதற்குச் சிறை.

உங்களிடம் இருக்கும் பெரிய செல்வம், நாள் முழுவதும் வீட்டில் இருப்பது. எனவே துணைக்கென்றே உருவான சிறிய நாய் பொருந்தும்: மால்டீஸ், யார்க்ஷயர் டெரியர், அல்லது இவற்றின் கலப்பு. மால்டீஸின் மயிரைக் குட்டையாக வெட்டிவிட்டால் வெயிலும் தாங்கும், சிக்கும் விழாது. ஜாக் ரஸ்ஸல் வேண்டாம். உருவம் சிறிதானாலும் நரி வளைக்குள் புகுந்து வேட்டையாடிய நாய் அது. நீங்கள் இணையவழிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது பால்கனிப் புறாவைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்துவிடும். டேஷண்ட் நீண்ட முதுகுடையது. மாடிப்படி ஏறி இறங்கி முதுகுத்தண்டுத் தட்டு நழுவும் ஆபத்து அதற்கு அதிகம். எந்த நாயானாலும் முதல் வாரத்திலிருந்தே அரை மணி, ஒரு மணி என்று தனியாக விட்டுப் பழக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் கடைக்குப் போகும் நேரமெல்லாம் அக்கம்பக்கத்தார் அதன் ஊளையைக் கேட்க வேண்டியிருக்கும்.

வாங்குமுன் ஒரு வேலை பாக்கி. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அரசு வகுத்த மாதிரி நடத்தை விதிகளின்படி, விலங்கு வளர்க்க நிர்வாக டிரஸ்டிகளின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்கவும் கூடாது. உங்கள் கட்டடத்துக்கெனத் தனி விதிகள் இருந்தால் அவற்றையும் படித்துப் பாருங்கள். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதமும் தேவை. நாயைக் கொண்டுவந்த பிறகு அனுமதி கேட்பவர்கள்தாம் பிறகு கண்ணீரோடு காப்பகத்தில் விட வருகிறார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் இறைச்சி வாங்குவதோ சமைப்பதோ இல்லை. புதிதாக வந்திருக்கும் லாப்ரடோர் குட்டிக்கும் அந்த மாதம் சைவ உணவே கொடுக்கலாமா? மற்ற நாட்களில் வீட்டில் மிஞ்சும் பிரியாணியைக் கொடுக்கிறோம்.
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஐயா, விரதம் உங்களுடையது, குட்டியை அதில் சேர்க்க வேண்டாம். பூனையைப் போல இறைச்சி இல்லாமல் உயிர்வாழவே முடியாத விலங்கு அல்ல நாய். மாவுப்பொருளைச் செரிக்கும் திறன் அதற்கு ஓநாயைவிட அதிகம். வளர்ந்த நாய்க்குத் திட்டமிட்டுத் தயாரித்த சைவத் தீவனம் கொடுக்க முடியும். ஆனால் சோறும் பருப்பும் மட்டும் போட்டால் வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. லாப்ரடோர் போன்ற பெரிய இனத்தில் அந்தக் குறை எலும்பிலும் மூட்டிலும் போய் நிற்கும். திடீரென்று உணவை மாற்றினால் வயிற்றுப்போக்கும் வரும். குட்டிகளுக்கென்று விற்கும் உலர்தீவனத்தை மூடியுள்ள வாளியில் போட்டுச் சமையலறைக்கு வெளியே, கராஜிலோ பின்வாசலிலோ வைத்துக்கொள்ளுங்கள். தட்டையும் அங்கேயே கழுவுங்கள். சுத்தம் பார்க்கும் பல குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன; விரதத்துக்கும் குறைவில்லை, குட்டிக்கும் குறைவில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது புரட்டாசி அல்ல, பிரியாணிதான். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும், வதக்கினாலும் வேகவைத்தாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதன் விளைவு அன்றே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும்போது யாரும் பிரியாணியை நினைப்பதில்லை. வேகவைத்த கோழி எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நிறைய விளையும் மெக்கடேமியா பருப்பைத் தின்ற நாய்க்குப் பின்னங்கால்கள் தள்ளாடும். லாப்ரடோருக்குப் பசி அடங்குவதே அரிது, அது கண்ணை உருட்டிக் கேட்பதையெல்லாம் கொடுத்தால் மூன்று வயதில் மூட்டுவலியோடு என்னிடம் வரும்.

கேள்வி: தீபாவளி வெடிக்குப் பயப்படாத நாய் இனம் உண்டா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. மந்தை மேய்க்கும் இனங்கள், குறிப்பாக பார்டர் கோலி, மற்றவற்றைவிட அதிகம் அஞ்சும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரை கேட்டுப் பழகும் ஓசைகள் பிற்காலத்தில் அதை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. ஆகவே பாத்திரம் விழும் ஓசையும் வாகன ஓசையும் கேட்கும் வீட்டில் வளர்ந்த குட்டியாகப் பார்த்து எடுங்கள். தீபாவளி அன்றும், இங்கே வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5 அன்றும் மாலைக்கு முன்பே நாயை உள்ளறையில் விட்டுத் திரையை மூடி, வானொலியை ஓடவிடுங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க முடியும், பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னதாக மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் தாத்தா ராஜபாளையம் நாய் வளர்த்ததாக அப்பா சொல்வார். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வரவழைத்து இங்கே வளர்க்க விரும்புகிறேன். முடியுமா?
– வாசகர், லெனேசியா

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. இந்திய அஞ்சல் துறை 2005-இல் நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டார் பெருமைப்படத்தக்க நாய்தான் அது. எனினும் வேண்டாம் என்பதே என் கருத்து. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. சிப்பிப்பாறை முயலை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டது. இரண்டும் கண்ணில் பட்டதைத் துரத்தும் ஓட்டக்கார நாய்கள். லெனேசியாவின் மதில் சூழ்ந்த முற்றம் அவற்றுக்கு நாலு தாவல்கூடக் காணாது. தூய வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை ராஜபாளையத்தில் அறியப்பட்ட குறை. காது கேளாத குட்டியைக் கடல் கடந்த பின் கண்டுபிடித்தால் யாரிடம் போவீர்கள்? மயிர் மிகக் குட்டை, தோல் மெல்லியது. ஜூன், ஜூலையில் உறைபனி விழும் ஹைவெல்ட் மேட்டுநில இரவுகளில் வெளியே படுக்கவும் முடியாது. இவற்றோடு, இந்தியாவிலிருந்து நாய் கொண்டுவர இறக்குமதி அனுமதி, வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, பல நோய்களுக்கான இரத்தப் பரிசோதனை, அரசுக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் எல்லாம் தேவை. இத்தனையும் அந்தக் குட்டியின் முதல் சில மாதங்களைக் கூண்டிலும் பயணத்திலும் கழிக்கச் செய்யும்.

ஓடும் நாயின் மீதுதான் உங்கள் மனம் என்றால், காலையில் ஒரு மணி நேரமாவது அதோடு ஓட உங்களுக்குத் தெம்பிருந்தால், ரிட்ஜ்பேக் நாயை எண்ணிப் பாருங்கள். முதுகில் எதிர்த்திசையில் வளரும் மயிர்க்கோடு, இங்குள்ள பூர்வகுடிகளான கொய்கொய் மக்களின் நாய்களிடமிருந்து அதற்கு வந்தது. சிங்கத்தைச் சுற்றிவளைத்து வேட்டைக்காரர் வரும்வரை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதே அதன் தொழிலாக இருந்தது. 1922-இல், இன்றைய ஜிம்பாப்வேயில் உள்ள புலவாயோவில் கூடிய ஆர்வலர்கள் அதற்கான இலக்கணத்தை வகுத்தார்கள். இந்த நாட்டு வெயிலும் குளிரும் அதற்கு ஒத்துவரும். பிடிவாதம் உண்டு; அதட்டினால் கேட்காது, பொறுமையாகச் சொன்னால் கேட்கும். வாங்கப்போகும் இடத்தில் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டத் தயங்குபவரிடமும், எட்டு வாரம் நிறையாத குட்டியைச் சாலையோரத்தில் காரின் டிக்கியைத் திறந்து விற்பவரிடமும் வாங்காதீர்கள். பாவம் பார்த்து ஒரு குட்டியை வாங்கினால், அந்தப் பணத்தில் அந்தத் தாயை அடுத்த ஈற்றுக்கும் உட்படுத்துவார்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு, என் மனைவிக்கு அறுபத்தெட்டு வயது. பிள்ளைகள் கேப்டவுனில். துணைக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வளர்க்கலாம் என்று நினைக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கரும்புக் காடு.
– வாசகர், டொங்காட்

பதில்: ஐயா, துணை வேண்டும் என்று நீங்கள் நினைத்தது மிக நல்லது, நாள்தோறும் இருமுறை நடக்க வைப்பதற்கு நாயைவிடச் சிறந்த காரணம் கிடையாது. ஆனால் குட்டி வேண்டாம், ஜெர்மன் ஷெப்பர்டும் வேண்டாம். ஆடு மேய்த்த நாய் அது, சும்மா இருந்தால் தன் வாலையே துரத்தும்; வயதானால் இடுப்பு மூட்டு தளர்ந்து, முப்பத்தைந்து கிலோ உடம்பைக் காரில் தூக்கி ஏற்ற வேண்டி வரும். ஆறேழு வயதான, பத்துக் கிலோவுக்குள் உள்ள நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயது நாய்களை யாரும் கேட்டு வருவதில்லை. வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே உங்கள் நாளின் போக்கோடு அவை ஒத்துப்போய்விடும். உங்களில் ஒருவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அதைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் ஒருவரை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

வெறிநாய்க்கடி நோய் நம் மாகாணத்தை விட்டு இன்னும் போகவில்லை. மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, பின் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் என்பது சட்டம்; அரசுக் கால்நடைத் துறை இலவசமாகவே போடுகிறது. காப்பகத்தில் கொடுக்கும் அட்டையில் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புக் காட்டை ஒட்டி வாழ்கிறீர்கள் என்பதால் உண்ணியைப் பற்றி அதிகமாகவே எச்சரிக்க விரும்புகிறேன். பிலியரி என்று நாம் எல்லோரும் சொல்லும் உண்ணிக் காய்ச்சலின் கிருமிகளில் மிகக் கொடியது நம் நாட்டில் உள்ளதுதான். சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். இரண்டு மூன்று நாட்களில் உயிரைப் பறித்துவிடவும் கூடும். மாதந்தோறும் உண்ணி மருந்து தவறக் கூடாது. மாலை நடை முடிந்ததும் காதுக்குள்ளும், விரல் இடுக்குகளிலும், வாலின் அடியிலும் தடவிப் பாருங்கள். நாய் ஒருவேளை உணவை மறுத்துச் சோர்ந்து படுத்தால், மேலுதட்டைத் தூக்கிப் பல் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்ததும் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காய்ச்சல்தானே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் கேட்கும் அந்த மருந்துகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.